திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இரசாயனவியலை நெருக்கமாக்குவது எப்படி?

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: “தரம் 10, 11 பிள்ளைகள் உயிரியல் பகுதியை ஆவலோடு கேட்கிறார்கள். இரசாயனப் பகுதி தொடங்கியதும் முகம் வாடிவிடுகிறது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுப்பவர்கள்கூட இரசாயனத்துக்குப் பயந்து உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவைத் தவிர்க்கிறார்கள். ஆய்வுகூடம் பெயருக்குத்தான் இருக்கிறது. இரசாயன தினம், கண்காட்சி என்று ஏதாவது செய்தால் ஆர்வம் வருமா?”

ரீச்சர், கண்காட்சி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். இதே மாவட்டத்தில் நீண்ட காலம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில், நான் செய்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். இளம் ஆசிரியராக இருந்த காலத்தில் பாடசாலைக் கண்காட்சி ஒன்றில் எரிமலை காட்டினேன். அமோனியம் இருகுரோமேற்றுக் குவியலில் தீ வைத்தால் செம்மஞ்சள் பொடி பொறி பறக்க எரிந்து பச்சைச் சாம்பலாகப் பொங்கி வழியும். பிள்ளைகள் கைதட்டினார்கள், அதிபர் முதுகில் தட்டினார். அடுத்த வாரம் வகுப்பில், “அந்தப் பச்சைப் பொடி எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. அவர்கள் பார்த்தது வாணவேடிக்கை. அதைவிடப் பெரிய பிழை, அந்தச் சேர்வையில் உள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக் கூடிய வடிவத்தில் இருக்கிறது என்பதை அன்று நான் பொருட்படுத்தாதது. மூடிய மண்டபத்தில், பிள்ளைகளின் மூச்சுக்கு அருகில் அதைச் செய்தேன். இன்றைக்கும் நினைத்தால் மனம் குறுகுகிறது. நீங்கள் அதைச் செய்யவே வேண்டாம்.

ஆர்வம் வளர்வது சாதாரணமான செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில்தான். அந்த 40 நிமிடத்தில் பிள்ளையின் கையில் ஏதாவது ஒரு பொருள் இருந்ததா என்பதே முதற் கேள்வி.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கிளாஸ்கோவில் இரசாயனக் கல்வியை ஆராய்ந்த அலெக்ஸ் ஜோன்ஸ்டன், 1991இல் எழுதிய கட்டுரையில், இரசாயனம் கடினமாக இருப்பதன் வேரைத் தொட்டுக் காட்டினார். இரசாயனம் ஒரே நேரத்தில் மூன்று தளங்களில் பேசுகிறது. கண்ணால் காணும் பொருள் ஒன்று, காணமுடியாத அணுவும் மூலக்கூறும் இன்னொன்று, தாளில் எழுதும் குறியீடும் சமன்பாடும் மூன்றாவது. ஆசிரியர்களான எங்களுக்கு மூன்றுக்கும் இடையில் தாவிப் பழகிவிட்டது. பிள்ளைக்கு அது ஒரே நேரத்தில் மூன்று புது மொழிகள். நாங்கள் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறோம், ஏனென்றால் வெண்கட்டியும் கரும்பலகையும் எப்போதும் இருக்கின்றன. சோடியங் குளோரைட்டின் குறியீட்டை எழுதிய பிறகு, “அதாவது, உப்பு” என்கிறோம். ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கள். முதலில் உப்பு, பிறகு அதற்குள் இருக்கும் அயன்கள், குறியீடு கடைசியில். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் ஒரு தவணை முழுவதும் விடாமல் செய்தாலே வகுப்பின் முகம் மாறும்.

உப்பையே எடுத்துக்கொள்வோம். கடல்நீரிலிருந்து உப்பு எடுப்பது பாடத்தில் இருக்கிறது. மூன்று வகைப் பாத்திகளின் படத்தைப் பிள்ளைகள் பார்த்து வரைகிறார்கள். அதே பிள்ளைகள் நிலாவெளிப் பக்கம் போகும்போது பஸ் யன்னலால் உப்பளத்தைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், மிகச் சிலருக்குத்தான்.

ஒருமுறை இந்தப் பாடத்தில் ஒரு மாணவி எழுந்து, “சேர், புது உப்பை அம்மா கறிக்குப் போடமாட்டா, கைக்கும் என்பா” என்றாள். அவளுடைய தகப்பன் உப்பளத் தொழிலாளி. நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு வெண்கட்டியை மேசையில் வைத்தேன். அந்தக் கைப்புத்தான் அன்றைய பாடம் முழுவதும். கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலில் நீர் வற்ற வற்ற எல்லாம் ஒன்றாக வெளியே வருவதில்லை. கரைதிறன் குறைந்தது முதலில் படியும். கல்சியங் காபனேற்று முதலில், பிறகு கல்சியஞ் சல்பேற்று, அதாவது ஜிப்சம். அவை முன்னைய பாத்திகளிலேயே தங்கிவிட, கடைசிப் பாத்தியில் சோடியங் குளோரைட்டு பளிங்காகிறது. மகனீசியத்தின் உப்புகள் தாய்த்திரவத்தில், அதாவது உப்புப் படிந்த பிறகு மிஞ்சும் நீரில், எஞ்சி நிற்கின்றன, கைப்பு அவற்றுடையது. புது உப்பில் அந்தத் திரவம் ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பை மாதக்கணக்கில் குவித்து வைத்தால், மகனீசியங் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து வடிந்துவிடும். உப்புக் குவியல்கள் உடனே லொறியேறாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரைதிறன், நிரம்பிய கரைசல், பளிங்காக்கம், நீர்மயமாதல் என்று நான்கு பாடத்தலைப்புகள் அந்தப் பிள்ளையின் ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன. அவளுடைய அம்மாவுக்கு இரசாயனம் தெரியும், பெயர்கள் மட்டும்தான் தெரியாது என்று வகுப்பில் சொன்னேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் முன்வரிசையில் இருந்தாள்.

அடுத்தது, பிள்ளைகளின் மனதில் “இரசாயனம்” என்ற சொல்லுக்கே விழுந்திருக்கும் கறை. இரசாயனம் என்றால் நஞ்சு, இயற்கை என்றால் நல்லது என்ற எண்ணத்தோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இடையில் கந்தளாயிலும் மூதூரிலும் வயல் செய்யும் குடும்பங்கள் பட்ட பாடு உங்கள் வகுப்பில் பலருக்குச் சொந்த அனுபவமாக இருக்கும். அது நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு வெறும் யூரியாப் பையைக் கொண்டுவாருங்கள் என்கிறேன்.

பையில் நைதரசன் 46 வீதம் என்று அச்சிட்டிருக்கும். பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியா மூலக்கூறு ஒன்றில் நைதரசன் அணு இரண்டு, காபன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று, ஐதரசன் நான்கு. 28, 12, 16, 4, கூட்டினால் 60. அறுபதில் இருபத்தெட்டு நூற்றுக்கு 46.7. சொந்தமாகக் கணக்குப் போட்டு வரும் விடை, வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கும் பையில் அச்சாகியிருப்பதைக் காணும் பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். திணிவு வீதக் கணக்கு அதுவரை தேர்வுக்கான துன்பமாக இருந்தது. இப்போது அப்பா போடும் பசளையின் அளவைச் சரிபார்க்கும் கருவியாகிறது. 50 கிலோ பையில் நைதரசன் 23 கிலோதான். மிச்சம் என்ன, அது எங்கே போகிறது, அளவுக்கு மேல் போட்டால் கிணற்றுக்கு என்ன வரும் என்று அவர்களே கேட்பார்கள். நஞ்சா மருந்தா என்பதை அளவும் இடமும் முடிவுசெய்கின்றன என்பது அந்தக் கேள்விகளுக்குள்ளேயே வந்துவிடும்.

ஆய்வுகூடத்துக்கு வருவோம். ஆய்வுகூடம் பூட்டிக் கிடப்பது உங்கள் பாடசாலையில் மட்டுமல்ல. உடைந்தால் பொறுப்பு யாருக்கு என்ற பயம், பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டிய பயம், பழைய அமிலப் போத்தல்களில் கடற்காற்று ஈரத்தில் பெயர்த்தாள் உரிந்துபோன பயம். கடைசிப் பயம் நியாயமானது. பெயரில்லாத போத்தலை நீங்கள் திறக்க வேண்டாம், முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். பட்டியல் எழுதி அதிபருக்குக் கொடுத்து, வலயக் கல்வி அலுவலகம் வழியாக அகற்றக் கேளுங்கள். அது நடக்கக் காலம் எடுக்கும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

கடையில் வாங்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போத்தல் நீரில் நன்றாகக் குலுக்கி மூடி ஓர் இரவு வையுங்கள். மேலே தெளிந்து நிற்பது சுண்ணாம்பு நீர். ஒரு குழாயால் மெதுவாக மூச்சை விட்டால் பாலாகிவிடும், உறிஞ்சக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், கண்ணிலும் படக்கூடாது. போத்தலைத் திறந்தே வைத்துவிட்டால் மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்திருக்கும். அதை வீசிவிடாதீர்கள். மூச்சே விடாமல் அது எப்படி வந்தது என்று கேளுங்கள். காற்றிலும் காபனீரொட்சைட்டு இருக்கிறது என்பதை அந்த ஆடை சொல்லிக்கொடுக்கும்.

மஞ்சள்தூளைச் சிறிது ஸ்பிரிற்றில் கரைத்தால் அது ஒரு காட்டி, அமிலமா காரமா என்று நிறத்தால் சொல்லும். சுண்ணாம்பு நீரில் செந்நிறமாகும், தேசிக்காய்ச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். செவ்வரத்தம்பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். மாத்திரை தீர்ந்த அட்டையின் குழிகளைக் கழுவி எடுத்தால் பத்துச் சோதனைக்குழாய்களுக்குச் சமம். ஒவ்வொரு குழியிலும் நாலு துளி போதும். ஊசியில்லாத புதிய சிறிஞ்சு அளவியின் வேலையைச் செய்யும்: சுண்ணாம்பு நீரில் மஞ்சள் காட்டியை விட்டு, பத்து மடங்கு ஐதாக்கிய வினாகிரியைத் துளித்துளியாக விடச் சொல்லுங்கள், நிறம் மாறும் இடத்தில் எத்தனை மில்லிலீற்றர் என்று குறிக்கச் சொல்லுங்கள். அதுதான் நியமிப்பு. இப்படிச் சிறிய அளவில் செய்வதை ஏழைப் பாடசாலைக்கான மாற்றுவழி என்று எண்ணவேண்டாம். யுனெஸ்கோவே நுண்ணளவுப் பரிசோதனைகளை உலகெங்கும் பரப்பியிருக்கிறது. பொருள் குறைவு, கழிவு குறைவு, ஆபத்து குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு பிள்ளையின் கையும் வேலை செய்கிறது. ஆசிரியர் மேசையில் செய்துகாட்ட நாற்பது பேர் எட்டிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டில் தாங்களாகச் செய்து பார்க்கத் தொடங்குவார்கள். அது நல்ல அறிகுறி. அதனால் ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வெளிற்றும் தூளையோ திரவத்தையோ, மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக்கூடாது, குளோரின் வாயு வரும். மாரி வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்கு இந்த வெளிற்றும் தூளை, அதாவது குளோரின் தூளை, போடும் ஊர் எங்களுடையது. அந்தத் தூள் பல வீடுகளில் இருக்கிறது.

மூல். பிள்ளைகள் இரசாயனத்தைக் கைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான், ஆகையால் இங்கே நேரத்தைச் செலவிடுங்கள். ஒரு மூலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையான 6.022 × 10²³ என்ற எண்ணோடு தொடங்கினால் வகுப்புத் தொலைந்தது. கடலையும் பயறும் கொண்டுவாருங்கள். நூறு கடலை, நூறு பயறு எண்ணி எடை பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஒன்று, எடை வேறு. பிறகு ஒரு பையில் எண்ணாத பயறைக் கொடுத்து, எண்ணாமலே எத்தனை என்று சொல்லக் கேளுங்கள். யாராவது ஒருவர் எடை பார்ப்போம் என்பார். மூலின் முழுக் கருத்தும் அவ்வளவுதான்: எண்ணமுடியாததை எடையால் எண்ணுவது. அதற்குப் பிறகு ஐந்து போத்தல்களில் 18 கிராம் நீர், 58.5 கிராம் உப்பு, 12 கிராம் கரி, 32 கிராம் கந்தகம், 63.5 கிராம் செப்புக் கம்பி என்று நிரப்பி, எல்லாவற்றிலும் “ஒரு மூல்” என்று ஒட்டி மேசையில் வையுங்கள். ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கட்டும். நான் வைத்திருந்த போத்தல்களைப் பழைய மாணவர்கள் இன்றும் நினைவுபடுத்துகிறார்கள். கரியும் உப்பும் சுத்தமானவை இல்லை என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும். சொன்னால் பாராட்டுங்கள்.

மொழி விஷயத்தில் இப்போதைய பிள்ளைகளுக்கு எங்கள் காலத்தில் இல்லாத ஒரு குழப்பம் இருக்கிறது. எங்கள் புத்தகத்தில் இரசாயனவியல், மூலகம், சேர்வை, ஒட்சிசன், தாக்கம். கைப்பேசியில் பார்க்கும் தமிழ்நாட்டுப் பாடங்களில் வேதியியல், தனிமம், சேர்மம், ஆக்சிஜன், வினை. நல்ல விளக்கத்தைப் பார்த்துவிட்டு, அது வேறு பாடம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வகுப்புச் சுவரில் இரண்டையும் எதிரெதிரே எழுதி ஒட்டுங்கள், மூன்றாவது நிரலில் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில் ஒலித்துக் காட்டி எழுதுங்கள். பல்கலைக்கழகத்தில் முட்டுப்பட மாட்டார்கள். இரசாயனத்தைத் தமிழில் படிப்பித்தால் மேலே போக முடியாது என்று பெற்றோர் சொன்னால், மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்காக இரசாயன நூலையும் தமிழாக்கிய கதையைச் சொல்லுங்கள். தமிழில் விளங்கிய கருத்து எந்த மொழிக்கும் கூடவே வரும்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்தர இரசாயனவியலில் 50 பல்தேர்வு வினாக்கள், பிறகு மூன்று மணித்தியால எழுத்துத்தாள். செய்முறைத் தேர்வு இல்லை. ஆகவே செய்முறை நேர விரயம் என்று தனியார் வகுப்புகளில் சொல்லப்படுகிறது. ஆனால் வீழ்படிவின் நிறம், வாயுவின் இயல்பு, நியமிப்பின் வழு என்று வினாக்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. செப்புச் சல்பேற்றுக் கரைசலில் அமோனியாவைத் துளித்துளியாக விட்டு, முதலில் வெளிர்நீல வீழ்படிவு வந்து, பிறகு அது கரைந்து கடும் நீலமாவதை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு அதை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

உயர்தரத்துக்கு வந்தவர்களுக்கு எங்கள் மாவட்டம் ஒரு கொடை. பாடத்திட்டத்தில் உரூத்தைல் என்ற கனியத்திலிருந்து, குளோரினைப் பயன்படுத்தி, தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற வெள்ளைப் பொடியைப் பெறும் குளோரைட்டு முறை இருக்கிறது. அந்த உரூத்தைல் புல்மோட்டையில் கிடக்கிறது. இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் மூன்றும் கலந்த கனிய மணல். சாதாரண மணலைவிட அடர்த்தி கூடியதால் அலையும் காற்றும் இலேசான மணலை அள்ளிக்கொண்டு போக இவை கரையில் தங்கின. தொழிற்சாலையில் பிரிப்பதும் அழகான பௌதிகம்: இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும், உரூத்தைல் மின்னைக் கடத்தும், சேர்க்கோன் கடத்தாது. கனிய மணல் நிறுவனத்திடம் கேட்டு ஒரு மேசைக்கரண்டி மணல் வாங்கிக்கொள்ளுங்கள். பழுதான கணினி வன்தட்டுக்குள் இருக்கும் காந்தம் மிகவும் வலியது. அதைக் காகிதத்தின் அடியில் பிடித்து நகர்த்தினால் கருமணல் பின்னால் ஓடிவரும். பிறகு கேளுங்கள்: வகுப்பறைச் சுவரின் வெள்ளைப் பூச்சில் இருப்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. எங்கள் மணல் கனியமாகவே கப்பலேறுகிறது, வெள்ளைப் பொடி திரும்பவும் இறக்குமதியாகிறது. இடையில் நடக்கும் வேலையை இங்கே செய்ய என்ன வேண்டும்? பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் மணிக்கணக்கில் நிற்பார்கள். குளோரினைக் கையாளும் ஆபத்து, மின்சாரச் செலவு, கழிவு, கடற்கரை மக்களின் வாழ்வு என்று எல்லாப் பக்கமும் பேசட்டும். இரசாயனம் படித்து என்ன வேலைக்குப் போவது என்ற கேள்விக்கும் அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு, நிலாவெளி கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. நீர்வழங்கல் சபையில் நீரைச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள், சீனன்குடாப் பக்கம் மாவும் சீமெந்தும் தயாராகின்றன. யாராவது ஒருவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். உங்கள் பாடசாலையின் பழைய மாணவியாக இருந்தால் இன்னும் நல்லது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால், படகு இயந்திரத்தில் பூட்டியிருக்கும் நாகத்துண்டு, அதாவது துத்தநாகத் துண்டு, ஏன் தேய்கிறது என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். இரும்பையும் அலுமினியத்தையும் காப்பாற்ற நாகம் தன்னைக் கொடுக்கிறது. ஒட்சியேற்றத்தை அதைவிட நன்றாகச் சொல்லும் படம் புத்தகத்தில் இல்லை.

இனிக் கண்காட்சி. இவ்வளவும் ஒரு தவணை செய்த பிறகு வையுங்கள். அப்போது பிள்ளைகள் காட்டுவதற்குச் சொந்தமாக ஏதாவது இருக்கும். 2011ஆம் ஆண்டைச் சர்வதேச இரசாயன ஆண்டாக உலகம் கொண்டாடியபோது, பல நாட்டு மாணவர்கள் தத்தம் ஊர் நீரின் அமிலத்தன்மையையும் உப்புத்தன்மையையும் அளந்தார்கள். அந்த மாதிரி உங்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் நீர். கொட்டியாரக் குடாவுக்கு அருகிலிருந்து வருவதையும் கரையிலிருந்து தள்ளியுள்ள ஊர்களிலிருந்து வருவதையும் வரைபடத்தில் குறித்து, சவர்க்காரம் நுரைக்கும் அளவை ஒப்பிடுங்கள். பெற்றோர் தங்கள் கிணற்றைத் தேடி அந்த வரைபடத்தின் முன் வந்து நிற்பார்கள்.

உப்பளத்துக்கு அழைத்துப் போவதானால் மாரி தொடங்குமுன், ஆவணிக்குள் போய்விடுங்கள். கல்வி அலுவலக அனுமதிக்கு இப்போதே எழுதிவையுங்கள். தராசு ஒன்று, மூடியுள்ள போத்தல்கள், வடிக்க வெள்ளைத் துணி, ஆளுக்கொரு தொப்பி. ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் ஒரே அளவு நீர் எடுத்து நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசிப் பாத்தி நீரின் எடையைப் பார்த்ததும் தராசு பிழை என்பார்கள். இன்னொருமுறை நிறுக்க விடுங்கள்.